‘வேண்டாம்’ என்பதற்கும் சம்பளம் வேண்டும்

2020 அக்டோபர் மாதத் தொடக்கத்தில், திறமூல மென்பொருள் திட்டங்களைப் பராமரிப்பவர்கள் உலகெங்கும் ஒரே நேரத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். டிஜிட்டல்ஓஷன் என்ற அமெரிக்க நிறுவனம் ஆண்டுதோறும் அக்டோபரில் ‘ஹேக்டோபர்ஃபெஸ்ட்’ என்ற விழாவை நடத்தி வந்தது. அந்த மாதத்துக்குள் ஏதாவது திறமூலத் திட்டங்களுக்கு நான்கு மாற்றங்களை அனுப்பினால் ஒரு டி-ஷர்ட் இலவசம். புதியவர்களை இந்த உலகத்துக்குள் இழுக்க வேண்டும் என்பது நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த ஆண்டு வந்து குவிந்தவை என்ன? ஒரு திட்டத்தின் அறிமுகக் கோப்பைத் திறந்து தலைப்பில் ‘அருமையான திட்டம்’ என்று இரண்டு சொல் சேர்ப்பது, ஒரு காற்புள்ளியை நகர்த்துவது, ஒரு வெற்று வரியை நுழைப்பது. இப்படி அனுப்புவது எவ்வளவு சுலபம் என்று காட்டிய யூடியூப் பாடம் ஒன்று இந்தியாவில் ஏராளமானோரைச் சென்றடைந்திருந்தது. அனுப்பியவருக்கு அது அரை நிமிட வேலை. ஒவ்வொன்றையும் திறந்து, படித்து, மறுத்து, மூட வேண்டியவர் சம்பளமில்லாமல் அந்தத் திட்டத்தைக் காத்து வந்தவர். சில நாள்களுக்குள் அமைப்பாளர்கள் விதியை மாற்றி, விழாவில் சேர விரும்பும் திட்டங்களுக்கு மட்டுமே அனுப்பலாம் என்றார்கள். 2023இல் டி-ஷர்ட்டையே நிறுத்திவிட்டார்கள்.

வேடிக்கையான செய்தியாகப் படித்துக் கடந்துவிடக்கூடிய இந்த நிகழ்வில் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. திறமூல மென்பொருள் என்பது, நிரலின் மூலவடிவம் எல்லோர் கண்ணுக்கும் திறந்திருக்கும் மென்பொருள். யாரும் படிக்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தம் செய்து அனுப்பலாம். அனுப்பப்படும் திருத்தத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் பராமரிப்பாளர். வங்கிச் செயலி முதல் ஆண்ட்ராய்டு போன் வரை இன்று நாம் தொடும் எல்லாவற்றுக்குள்ளும் இத்தகைய மென்பொருள் இருக்கிறது. அதன் தரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பகுதி மறுப்பிலிருந்தும் சரிபார்ப்பிலிருந்தும் சோதனையிலிருந்தும்தான் வருகிறது. இந்த வேலைகள் தடயம் விடுவதில்லை. நடக்காமல் போன விபத்துக்குப் புகைப்படம் கிடையாது. ஆனால் நாம் வைத்திருக்கும் பரிசுகள் எல்லாமே தடயத்தைத் தேடிப் போகின்றன: எத்தனை திருத்தம், எத்தனை வரி, எத்தனை புதிய வசதி. தரம் வேண்டுமென்றால் பரிசின் திசையை மாற்ற வேண்டும். எண்ணிக்கைக்குக் கொடுப்பதைக் குறைத்து, ஒழுங்கைக் கடைப்பிடிப்பவரின் நேரத்துக்கும் பெயருக்கும் கொடுக்க வேண்டும். இதுவே இந்தக் கட்டுரையின் வாதம்.

எண்ணிக்கை மனிதரை எப்படி ஆட்டிவைக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்றே இருக்கிறது. திறமூல நிரல்கள் பெரும்பாலும் குடியிருக்கும் கிட்ஹப் தளத்தில் ஒவ்வொருவர் பக்கத்திலும் பச்சைக் கட்டங்கள் உண்டு. ஒரு நாள் வேலை செய்தால் ஒரு கட்டம் பச்சையாகும். இடைவிடாமல் எத்தனை நாள் வேலை செய்தீர்கள் என்ற கணக்கும் ஒரு காலத்தில் அதன் கீழே இருந்தது. 2016 மே மாதம் அந்தத் தொடர்க்கணக்கை மட்டும் கிட்ஹப் சத்தமில்லாமல் நீக்கியது. நீக்கத்துக்கு முன்னும் பின்னும் பயனாளர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று பின்னாளில் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். நீண்ட தொடர்கள் கைவிடப்பட்டன. வார இறுதி வேலை குறைந்தது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு திருத்தம் என்று பதிந்துவிட்டுப் போகும் நாள்களும் குறைந்தன. அதாவது, அதுவரை அந்த வேலையில் ஒரு பகுதி மென்பொருளுக்காகச் செய்யப்படவே இல்லை. கட்டம் பச்சையாக வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டது. யாரும் பணம் தரவில்லை, டி-ஷர்ட்டும் தரவில்லை. வெறும் ஓர் எண்ணைத் திரையில் காட்டியதே போதுமானதாக இருந்தது.

எண்ணுக்குள் அடங்காத வேலையைக் கவனிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை உலகம் 2014 ஏப்ரலில் பார்த்தது. இணையத்தில் கடவுச்சொல்லையும் கார்டு எண்ணையும் மறையாக்கி அனுப்பும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. ஓட்டை மிக எளிமையானது. இரண்டு கணினிகள் தொடர்பில் இருக்கும்போது, மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஒன்று ஒரு சொல்லையும் அந்தச் சொல்லின் நீளத்தையும் அனுப்பும். மற்றது அதே சொல்லைத் திருப்பி அனுப்ப வேண்டும். மூன்றெழுத்துச் சொல்லை அனுப்பிவிட்டு, அதன் நீளம் 64,000 எழுத்து என்று ஒருவர் பொய் சொன்னால்? அந்த நீளத்தைச் சரிபார்க்கும் வரி நிரலில் இல்லை. மறுமுனைக் கணினி மூன்றெழுத்தைக் கொடுத்துவிட்டு, மீதியை நிரப்பத் தன் நினைவகத்தில் அடுத்து என்ன இருந்ததோ அதையெல்லாம் அள்ளிக் கொடுத்தது. அதில் கடவுச்சொற்கள் இருக்கலாம், ரகசியச் சாவிகள் இருக்கலாம். கனடாவின் வருமான வரித் துறையிலிருந்து சுமார் 900 பேரின் அடையாள எண்கள் இந்த வழியில் திருடப்பட்டன. நல்லெண்ணத்தோடு ஒருவர் எழுதி அனுப்பிய திருத்தம் அது. இன்னொருவர் சரிபார்த்தும் கண்ணில் படவில்லை. 2012 மார்ச்சில் வெளியாகி, இரண்டு ஆண்டுகள் உலகெங்கும் ஏராளமான சர்வர்களில் அப்படியே ஓடியது.

அந்த நேரத்தில் ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு முழுநேர ஊழியர் ஒரே ஒருவர். ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். மீதிச் செலவுக்கு அவர்கள் நிறுவனங்களிடம் ஒப்பந்த வேலை எடுத்தார்கள். ஒப்பந்தக்காரர் கேட்பது புதிய வசதி. பழைய நிரலை உட்கார்ந்து துப்புரவு செய்யச் சொல்லி யாரும் காசு தரவில்லை. இந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான கூகுள் பொறியாளருக்குப் பரிசாக 15,000 டாலர் கிடைத்தது. அவர் அதை நன்கொடையாக வழங்கிவிட்டார் என்பது அவருடைய பெருந்தன்மை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: ஓர் ஓட்டையைக் கண்டதற்கு உலகம் வைத்திருந்த விலை, ஓட்டை விழாமல் காப்பதற்கு ஆண்டு முழுவதும் அது கொடுத்த நன்கொடையைப் போல் ஏழு மடங்குக்கு மேல். அந்த மாதமே, லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்தை ஆதரிக்கும் லினக்ஸ் ஃபவுண்டேஷன் முன்வந்து கூகுள், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக், ஐபிஎம் போன்ற நிறுவனங்களை ஒன்றுசேர்த்தது. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 1,00,000 டாலர் வீதம் மூன்று ஆண்டுகள் தர ஒப்புக்கொண்டன. அந்தப் பணத்தில் ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு முழுநேர நிரலாளர்கள் அமர்த்தப்பட்டார்கள், நிரல் தணிக்கை நடந்தது. கொள்ளை போன பிறகாவது கதவுக்குப் பூட்டு வந்தது.

அந்தப் பாடம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரவில்லை என்பதை 2024 மார்ச் காட்டியது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறிய மென்பொருள். லினக்ஸ் கணினிகள் பெரும்பாலானவற்றில் இருப்பது. ஃபின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே காலின் அதைப் பல ஆண்டுகளாகத் தனி ஆளாகப் பராமரித்து வந்தார். 2021இல் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் வந்து ஒழுங்காகத் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். அடுத்த ஆண்டு வேறு சில பெயர்களிலிருந்து, வேலை மெதுவாக நடக்கிறது, இன்னொருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று காலினுக்கு நெருக்கடி வந்தது. இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்று அவர் நினைவூட்டிப் பார்த்தார். கடைசியில் பொறுப்பு ஜியா டானிடமும் போனது. 5.6.0 என்ற வெளியீட்டில் அந்தப் பெயர் ஒரு பின்வாசலை நுழைத்தது. ஒளித்து வைத்த இடம் சோதனைக் கோப்புகள். தரத்தின் அடையாளமாக எல்லோரும் மதிக்கிற இடம்! மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆந்த்ரேஸ் ஃப்ராயின்ட், தொலைக் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டிப் பார்த்ததால் அது பரவும் முன் பிடிபட்டது. இரண்டு ஆண்டு உழைப்பின் எண்ணிக்கை ஒரு போலிப் பெயருக்கு நம்பிக்கையைப் பரிசாகப் பெற்றுத் தந்தது. காலினின் நிதானத்துக்கோ வசைதான் கிடைத்தது. நமது பரிசு முறை எவ்வளவு தலைகீழாக இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

சரியான திசையில் பரிசு போனால் என்ன கிடைக்கும்? எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளைப் பார்க்கலாம். உங்கள் போனில் தொடர்பு எண்களும் வாட்ஸ்அப் உரையாடல்களும் சேமிக்கப்படுவது இதில்தான். 2000ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப் தொடங்கிய இந்தத் திட்டத்தின் நிரல் சுமார் 1,55,000 வரி. அதைச் சோதிப்பதற்காக எழுதப்பட்ட நிரலோ அதைப்போல் சுமார் 590 மடங்கு. விமான மென்பொருளுக்கு வகுக்கப்பட்ட ஒழுங்கை ஹிப் இதற்குக் கொண்டுவந்தார். நிரலில் ஒவ்வொரு கிளைப்பாதையும் இரு பக்கமும் சோதிக்கப்பட வேண்டும்; ஒரு முடிவில் பல நிபந்தனைகள் இருந்தால் ஒவ்வொரு நிபந்தனையும் தனித்து அந்த முடிவை மாற்றுகிறது என்று காட்ட வேண்டும். ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னும் சுமார் 200 அம்சங்கள் கொண்ட பட்டியலை வரிவரியாகப் பார்த்து முடிக்கிறார்கள். வெளியாரின் திருத்தங்களைப் பொதுவாக ஏற்பதும் இல்லை. இவ்வளவு ‘வேண்டாம்’ சொல்ல எப்படி முடிகிறது? ப்ளூம்பெர்க் போன்ற நிறுவனங்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து ஆண்டுச் சந்தா செலுத்துகின்றன. இத்தனை வசதி, இத்தனை வரி என்ற கணக்குக்கு அந்தப் பணம் வருவதில்லை. திட்டம் பல்லாண்டு நிலையாக இருக்க வேண்டும் என்பதற்கு வருகிறது. கண்மாய்ப் பாசனத்தில் தண்ணீரைப் பங்கிட்டுவிடும் நீர்க்கட்டிக்கு அறுவடையின்போது ஒவ்வொரு வயலும் நெல் அளந்தது இப்படித்தான். உடைப்பை அடைத்த கணக்குக்கு அளக்கவில்லை, மடையைப் பார்த்துக்கொண்டதற்கு அளந்தார்கள்.

பரிசு என்றால் பணம் மட்டும் இல்லை. கணினி அறிவியலின் மூத்த பேராசிரியர் டொனால்ட் நூத், தன் நூல்களில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2 டாலர் 56 சென்ட் காசோலை அனுப்பும் வழக்கத்தைப் பல பத்தாண்டுகளாக வைத்திருந்தார். 256 என்பது கணினிக்காரர்களுக்குப் பிடித்த எண். பெரும்பாலோர் அந்தக் காசோலையை வங்கியில் போடாமல் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள். வங்கி மோசடிக்குப் பயந்து 2008இல் காசோலையை நிறுத்தி, கற்பனை வங்கி ஒன்றின் சான்றிதழை அவர் அனுப்பத் தொடங்கிய பிறகும் மதிப்பு குறையவில்லை. தொகையின் அளவு அங்கே முக்கியமில்லை. வேலையின் அருமை தெரிந்த ஒருவர், தானே படித்துப் பார்த்து, இது சரியான கண்டுபிடிப்பு என்று ஒப்புக்கொண்டார் என்பதே பரிசு. லினக்ஸின் மையநிரலான கெர்னலில் இந்த ஒப்புதலை அன்றாட வழக்கமாகவே ஆக்கியிருக்கிறார்கள். ஒரு திருத்தம் உள்ளே போகும்போது எழுதியவர் பெயர் மட்டும் பதிவதில்லை; பிழையைச் சொன்னவர் யார், சரிபார்த்தவர் யார், சோதித்தவர் யார் என்று தனித்தனி வரியில் அவர்கள் பெயரும் நிரந்தரமாகப் பதிகிறது. இதனால் கூடுதல் செலவு எதுவும் இல்லை. ஆனால் தடயமில்லாத வேலைக்கு ஒரு தடயம் கிடைத்துவிடுகிறது.

இந்த வாதத்துக்கு எதிராக எழும் முதல் மறுப்பு வலுவானது: ஆர்வத்தால் நடக்கும் இடத்துக்குள் பணம் புகுந்தால் ஆர்வம் செத்துவிடும் என்பார்கள். இதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. 2006இல் டெபியன் என்ற தன்னார்வ லினக்ஸ் திட்டத்தின் அடுத்த வெளியீட்டை டிசம்பருக்குள் முடிக்க வேண்டும் என்று, வெளியீட்டு மேலாளர்கள் இருவருக்கு ஒரு மாத முழுநேர வேலைக்குத் தலா 6,000 டாலர் தர ஒரு தனி ஏற்பாடு நடந்தது. ஆயிரம் பேர் சும்மா செய்யும் வேலையில் இரண்டு பேருக்கு மட்டும் ஏன் பணம் என்று மற்றவர்கள் கொதித்தார்கள். சிலர் தங்கள் வேலையைக் குறைத்துக்கொள்வதாகவே அறிவித்தார்கள். டிசம்பர் கெடு தவறி, வெளியீடு 2007 ஏப்ரலில்தான் வந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே டெபியனில் 2014 முதல் பழைய வெளியீடுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் செய்யும் வேலைக்கு, நிறுவனங்களிடம் சந்தா திரட்டி, செய்பவர்களுக்கு மணிக்கணக்கில் ஊதியம் தரப்படுகிறது. அந்த ஏற்பாடு நிலைத்து நிற்கிறது. வேறுபாடு என்ன? முதல் முயற்சியில் எல்லோரும் விரும்பிச் செய்யும், பெயர் கிடைக்கும் வேலைக்கு, கெடு வைத்து, மேலிருந்து இருவரைத் தேர்ந்து கொடுத்தார்கள். இரண்டாவதில் யாரும் விரும்பாத, சலிப்பான, ஆனால் அவசியமான வேலைக்கு, செய்ய முன்வருபவர்களின் நேரத்துக்குக் கொடுக்கிறார்கள். ஆக, பணம் ஆர்வத்தைக் கொல்லுமா என்பது அது எந்த வேலைக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது.

ஓட்டையைக் கண்டுபிடிப்பவர்களுக்கு நிறுவனங்கள் ஏற்கெனவே சன்மானம் தருகின்றனவே, அது தரத்துக்கான பரிசு இல்லையா என்பது அடுத்த கேள்வி. ஓரளவுக்கு ஆம். இணையத்திலிருந்து தரவை இறக்கும் ‘கர்ல்’ என்ற கருவிக்காக அதன் பராமரிப்பாளர் டேனியல் ஸ்டென்பெர்க் 2019இல் இப்படி ஒரு சன்மானத் திட்டத்தைக் கொண்டுவந்தார். உண்மையான ஓட்டைகளுக்கு மொத்தம் 90,000 டாலருக்கு மேல் வழங்கப்பட்டது. அதனால் மென்பொருள் நன்மை அடைந்தது. பின்னர் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தன. படிப்பதற்குப் பாதுகாப்பு ஆய்வு போலவே தோன்றும், ஆனால் உள்ளே ஒன்றுமில்லாத அறிக்கைகளைப் பரிசு ஆசையில் கருவியிடம் எழுதி வாங்கி அனுப்பத் தொடங்கினார்கள். எழுத ஒரு நொடி. பொய் என்று நிரூபிக்கப் பல பேரின் பல மணி நேரம். 2026 ஜனவரி இறுதியோடு சன்மானத்தை ஸ்டென்பெர்க் நிறுத்திவிட்டார். டி-ஷர்ட் கதையின் மறுபதிப்பு இது. அனுப்புபவருக்கு மட்டும் பரிசு வைத்து, படித்துத் தரம் பிரிப்பவரின் நேரத்தை இலவசம் என்று கருதுகிற எந்தத் திட்டமும் இந்த முட்டுச்சந்தில்தான் போய் நிற்கும்.

அப்படியானால் ஒழுங்கை எப்படி அளப்பது, அதற்கும் ஒரு பட்டியல் வைத்தால் அதையும் கண்துடைப்பாக நிரப்பிவிட மாட்டார்களா என்று கேட்கலாம். நியாயமான சந்தேகம். ஹார்ட்பிளீடுக்குப் பிறகு திறமூலத் திட்டங்களுக்கு நல்லொழுக்க முத்திரை ஒன்று உருவாக்கப்பட்டது. பிழைகளைத் தெரிவிக்க வழி இருக்கிறதா, தானியங்கிச் சோதனைகள் ஓடுகின்றனவா, ரகசியமாக ஓட்டையைச் சொல்ல முகவரி இருக்கிறதா என்றெல்லாம் கேட்டு முத்திரை தருவார்கள். ஹார்ட்பிளீட் காலத்து ஓப்பன்எஸ்எஸ்எல் அந்த அளவுகோல்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவறியிருந்தது. பின்னர் எல்லாவற்றையும் நிறைவு செய்தது. ஆகவே பட்டியலுக்குப் பயன் உண்டு. ஆனால் அதன் எல்லையை எக்ஸ்இசட் காட்டிவிட்டது: சோதனைக் கோப்பு இருக்கிறதா என்று கேட்கும் பட்டியல், அந்தக் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காது. பார்க்க இன்னொரு மனிதர் வேண்டும், அவருக்கு நேரம் வேண்டும். எனவே பட்டியலைத் தகுதிக்கான வாசற்படியாக வைத்துக்கொண்டு, பரிசை அந்த இரண்டாவது ஜோடிக் கண்களின் நேரத்துக்குக் கொடுப்பதே பொருத்தம். மாதம் இத்தனை மணி நேரம் சரிபார்ப்புக்கும் துப்புரவுக்கும் என்று ஊதியம் தருவதில் ஏமாற்று இருக்கவே இருக்காது என்று சொல்லவில்லை. ஆனால் திறமூலத்தில் எல்லாச் சரிபார்ப்பும் பொதுவெளியில் நடப்பதால், சும்மா தலையாட்டுபவர் யார், வரிவரியாகக் கேள்வி கேட்பவர் யார் என்று சக நிரலாளர்களுக்குத் தெரிந்துவிடும்.

யார் கொடுப்பது என்பதற்கு விடை கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வருகிறது. எந்த உத்தரவாதமும் இல்லை என்று எழுதிவிட்டுத்தான் பராமரிப்பாளர் தன் நிரலை இலவசமாகத் தருகிறார். அவருக்குக் கடமை கிடையாது. அதை வைத்துச் சம்பாதிப்பவருக்குத்தான் கடமை. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத் தாங்குதிறன் சட்டம் இந்தத் திசையில் போகிறது. திறமூல நிரலைச் சேர்த்துப் பொருள் விற்கும் நிறுவனம் அந்த நிரலின் பாதுகாப்பையும் கவனித்தாக வேண்டும். முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரில் அமலாகும். ஜெர்மனி அரசு 2022 முதல் ஒரு நிதியம் வைத்து, புதிய வசதிகளைவிடப் பராமரிப்புக்கே பணம் தருகிறது. 2023இல், லினக்ஸ் கணினிகளின் திரை இடைமுகமான க்னோம் திட்டத்துக்கு மட்டும் 10 லட்சம் யூரோ வழங்கியது. இந்தியாவில் பங்குத்தரகு நிறுவனமான ஜெரோதா, உலகெங்கும் உள்ள திறமூலத் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் தரும் நிதியை 2024இல் அறிவித்தது. திறமூலத்தால் வளர்ந்த நம் மென்பொருள் நிறுவனங்களின் வரிசை நீளமானது. கொடுப்பவர்களின் வரிசை மிகச் சிறியது.

பணம் கொடுக்க முடியாதவர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கல்லூரிகளும் வேலைக்கு ஆள் எடுப்பவர்களும் மாணவரின் கிட்ஹப் பக்கத்தில் பச்சைக் கட்டங்களை எண்ணுவதை நிறுத்தலாம். நேர்முகத் தேர்வில், இன்னொருவர் எழுதியதில் நீங்கள் கண்டுபிடித்த குறை எது, உங்கள் திருத்தத்தை யாராவது மறுத்தபோது என்ன கற்றீர்கள், எந்த மென்பொருளுக்குச் சோதனை எழுதினீர்கள் என்று கேட்கலாம். கேள்வி மாறினால் தயாரிப்பு மாறும். அதில் நம் மாணவர்களுக்கு நிகர் கிடையாது. அறிமுகக் கோப்பில் இரண்டு சொல் சேர்த்து அனுப்பிய பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை. வைத்த பரிசுக்கு ஏற்ற வேலையை அவர்கள் கச்சிதமாகச் செய்துகாட்டினார்கள். தரத்துக்குப் பரிசு வைத்துப் பார்த்த பிறகுதான், நம்மால் தரமான வேலை முடியுமா என்ற கேள்வியைக் கேட்க நமக்கு உரிமை வரும்.